ராக் இசை விமர்சனம் எழுதிப் பிழைக்க முடியுமா? இசைக்கத் தெரியாதவர்கள்தானே விமர்சகர்கள் ஆகிறார்கள்?

முதல் கேள்விக்கு ஒரு வரிதான் பதில்: வீட்டு வாடகையை வேறு யாராவது கொடுத்தால் பிழைக்கலாம். இரண்டாவதுதான் என்னை இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது. நீங்கள் கிதார் வாசிப்பவராக இருப்பீர்கள், உங்கள் குழுவைப் பற்றி யாரோ நாலு வரி காட்டமாக எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிப்பட்ட நாலு வரிகளை ஒரு காலத்தில் எழுதியவன் நான்.

லெஸ்டர் பேங்ஸ் என்று ஓர் அமெரிக்க ராக் விமர்சகர் இருந்தார். கலிஃபோர்னியாவில் காலணிக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். 1969இல், இருபது வயதில், எம்.சி.5 என்ற ராக் குழுவின் முதல் இசைத்தட்டைக் கிழித்துத் தோரணம் கட்டி ஒரு விமர்சனம் எழுதி, ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகைக்கு அனுப்பினார். வெளியிடாவிட்டால் காரணம் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். காரணம் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அச்சிட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அதே இசைத்தட்டை அவர் தலையில் வைத்துக் கொண்டாடினார். தாம் எழுதியது தவறு என்று அச்சில் ஒப்புக்கொள்ள அவருக்குக் கூச்சமே இல்லை.

1973இல் கேன்ட் ஹீட் குழுவைப் பற்றி எழுதிய விமர்சனத்துக்காக, இசைக்கலைஞர்களை மதிக்கவில்லை என்று சொல்லி ரோலிங் ஸ்டோன் அவரை நிறுத்திவிட்டது. அதற்குள் அவர் டெட்ராய்ட் பக்கம் கிரீம் என்ற இன்னொரு ராக் பத்திரிகைக்குப் போயிருந்தார். அங்கே ஐந்து ஆண்டுகள். 1976இல் நியூயார்க். 1982 ஏப்ரல் 30 அன்று, 33 வயதில், வலிமாத்திரையும் பதற்றம் தணிக்கும் மாத்திரையும் சளிமருந்தும் சேர்ந்து உயிரைக் குடித்துவிட்டன. (போதையைப் புகழ்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.) உயிரோடிருந்தபோது வந்த நூல்கள், பிளாண்டி குழுவைப் பற்றி 1980இல் ஒன்று, அடுத்த ஆண்டு பால் நெல்சனுடன் சேர்ந்து பாடகர் ராட் ஸ்டூவர்ட்டைப் பற்றி ஒன்று, அவ்வளவுதான். அவருடைய பெயரைக் காப்பாற்றிய கட்டுரைத் தொகுப்பை 1987இல் சக விமர்சகர் கிரீல் மார்கஸ் தொகுத்தார். அந்தப் பால் நெல்சனும் லேசுப்பட்டவரல்ல, ரோலிங் ஸ்டோனில் விமர்சனப் பகுதியையே கவனித்தவர். கடைசிக் காலத்தில் மன்ஹாட்டனில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தார். பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்களே, கணக்கு இதுதான்.

இசைக்கத் தெரியாதவர்களா? 1974இல் ஜே. கெய்ல்ஸ் பேண்ட் என்ற ராக் குழு பேங்ஸை மேடைக்கு அழைத்தபோது அவர் தட்டச்சு இயந்திரத்தோடு ஏறி, தாளத்துக்கு ஏற்பத் தட்டினார். பிறகு சொந்தமாகப் பாடி இசைத்தட்டும் வெளியிட்டார். நன்றாகப் பாடினார் என்று நான் வாதாட வரவில்லை.

அந்தத் தட்டச்சு மேடையைப் பற்றிப் படித்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏனென்றால் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே கருவி அது. 1994இல் திருவல்லிக்கேணி நடைபாதையில் பேங்ஸின் அந்தக் கட்டுரைத் தொகுப்பை, அட்டை கிழிந்த பிரதியாக, 40 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த ஆண்டு சென்னையில் ஓர் ஆங்கில மாதப் பத்திரிகைக்கு ராக் கேசட் விமர்சனம் எழுதத் தொடங்கினேன். நான் ஹையர் தேறிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், இரவு எட்டு மணிக்கு மேல் மாஸ்டர் ஓர் இயந்திரத்தை விட்டுக்கொடுப்பார். கட்டுரைக்கு 150 ரூபாய் என்று பேச்சு.

பதினொன்று எழுதினேன். பதினொன்றாவது, ஓர் உள்ளூர்க் குழுவின் முதல் கேசட். டிரம்ஸ் வாசித்தவர் பஸ் பிடிக்க ஓடுகிறவர் போல வாசிக்கிறார் என்று எழுதியிருந்தேன். இதழ் வந்ததும் ஆசிரியர் கூப்பிட்டார். "தம்பி, பின்னட்டையில் யார் விளம்பரம் என்று பார்த்தாயா?" அந்தக் கேசட்டை வெளியிட்ட நிறுவனத்தின் விளம்பரம். "பார்க்கவில்லை சார்." "விமர்சகனுக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும்." பன்னிரண்டாவதுக்குக் கேசட் வரவில்லை.

எனக்கும் பேங்ஸுக்கும் ஒப்பா என்று கேட்பீர்கள். ஒப்பில்லை. அவரை நீக்கியவர்கள் அவர் எழுதியதைப் படித்துவிட்டு நீக்கினார்கள்.

1,650 ரூபாய்க்காக மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை பணத்துக்குப் பதிலாகப் பத்து கேசட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று நான் கிழித்த அதே கேசட்.

இதைச் சொல்லும்போது என் அத்தை மகனைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பணத்தை இரவல் வாங்கினால் திருப்பித் தருவார்கள், புத்தகத்தையும் கேசட்டையும் வாங்கினால் தங்களுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். 1999இல் "கேட்டுவிட்டுத் தருகிறேன் மச்சான்" என்று அந்தப் பத்தையும் வாங்கிப் போனான். ஆறு ஆண்டுகள் கழித்து நானே போய் அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன், அதுவும் நாலுதான் கிடைத்தன. அவற்றில் அந்த உள்ளூர்க் குழுவின் கேசட்டும் இருந்தது. மறுபதிவைத் தடுக்கும் ஓட்டைகளின் மேல் செல்லோடேப் ஒட்டி, மகளின் காதுகுத்து விழா நாகஸ்வரத்தை அதன்மேல் பதிவு செய்திருந்தான். எம்.சி.5 விஷயத்தில் பேங்ஸ் செய்ததுபோல மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

நாகஸ்வரம் இரண்டாம் பக்கத்தின் முடிவுக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. பிறகு ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் பழைய ஒலி, அந்தக் குழுவின் கடைசிப் பாட்டின் வால். டிரம்ஸ் மோசமில்லை.