வாடகை கார் விபத்து: பொய்க் கடிதம் வேண்டாம், சர்வே அறிக்கையைக் கேளுங்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு வளைகாப்புக்காகக் கிருஷ்ணகிரியில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நானே ஓட்டிச் சென்றேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றதால் அதன் பின்புறத்தில் மோதிவிட்டேன். யாருக்கும் காயமில்லை. பம்பர், பானட், ஒரு ஹெட்லைட் சேதம். கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களின் வாடகையையும் சேர்த்து உரிமையாளர் 85,000 ரூபாய் கேட்கிறார். “நண்பர் என்ற முறையில் இரவல் வாங்கியதாக எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸில் வாங்கிவிடலாம்” என்றும் சொல்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கூடவே கூடாது. அவர் கேட்கும் விதத்தைப் பார்த்தால் அது வெள்ளை நம்பர் பிளேட் கார் என்றே நினைக்கிறேன். நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் கார் முறைப்படி பதிவாகியிருந்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. வாடகைக்கு விடக்கூடாது என்று அதன் பாலிசியிலேயே நிபந்தனை உண்டு. மீறினால் காரின் சேதத்துக்குப் பணம் தர கம்பெனி மறுக்கலாம். அதை மறைக்கத்தான் இந்த ‘நண்பர்’ கடிதம். நீங்கள் வாடகை அனுப்பிய விவரம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. பொய் வெளிப்பட்டால் அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

கறுப்புப் பலகை என்றால் நிலைமை வேறு. காரின் சேதத்துக்கும் பணம் தரும் முழு பாலிசி இருக்கிறதா, கிளெய்ம் பதிவு செய்தாரா, எண் என்ன என்று கேளுங்கள். பம்பரைக் கழற்றும் முன்பே, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்திருக்க வேண்டும். நான் சர்வேயராக இருந்த காலத்தில் தொப்பூரிலிருந்து இழுத்து வந்த கார்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் பயந்துபோய் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார். உரிமையாளர்கள் கிளெய்மே போட்டிருக்க மாட்டார்கள். கிளெய்ம் போட்டால் உரிமையாளருக்கு நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு அது காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை சலுகை. அதைக் காப்பாற்றிக்கொள்ள முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். 10,000 ரூபாய் பம்பருக்கு 5,000. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. பானட் போன்ற இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசியானால் இந்தக் கழிவுகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே கம்பெனி தந்தது போக மீதி எவ்வளவு என்று சர்வே அறிக்கையையும் ஒர்க்‌ஷாப் பில்லையும் வைத்துப் பேசுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம்.

நின்ற நாட்களின் வாடகையை எந்த மோட்டார் பாலிசியும் சாதாரணமாகத் தராது. அது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்தால்தான் பேச்சு. இருந்தாலும், கார் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி இரண்டையும் ஜாப் கார்டில் பாருங்கள். உதிரிபாகம் வரத் தாமதமான நாட்களுக்கெல்லாம் நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?

வெள்ளைப் பலகைதான் என்று உறுதியானால், வாடகைக்கு விடக்கூடாத காரை விட்டவர் அவர் என்பதை எடுத்துச் சொல்லி, சேதத்தில் அவர் பங்கையும் பேசுங்கள். முடிவுக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

விபத்து குறித்து இதுவரை போலீஸில் தகவல் தராவிட்டால், நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்து புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். லாரிக்காரர் பின்னால் ஏதேனும் கேட்டாலும் அது கையில் இருக்க வேண்டும்.