அல்லியைப் பிடுங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரப் போகிறார்கள். ஆகாயத்தாமரையோடு அல்லியையும் களை என்று அகற்றப்போகிறார்களாம். சரிதானா? அல்லியும் தாமரையும் ஒரே இனமா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கூடவே கூடாது, அம்மா. பொக்லைன் வருவதற்குள் ஊராரிடம் பேசிவிடுங்கள்.

ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிதந்தபடியே பெருகி நீரை மூடிவிடும். அதை எடுக்கத்தான் வேண்டும். நிம்ஃபியா பேரினத்தைச் சேர்ந்த நம் அல்லி, சேற்றில் கிழங்கு ஊன்றி வாழும் மண்ணின் செடி. தண்டை ஒடித்தால் குழல் குழலாகத் துளைகள் தெரியும். இலை வாங்கும் காற்று அந்த வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போகிறது.

சிறுவயதில், தஞ்சைப் பக்கத்தில், அந்தத் தண்டை நார் அறாமல் மாற்றி மாற்றி ஒடித்து மாலையாகப் போட்டுக்கொள்வோம். இரவில் மலர்ந்த வெள்ளாம்பல், அதாவது வெள்ளை அல்லி, நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும்போதும் விரிந்திருக்கும். மத்தியானம் பார்த்தால் கூம்பியிருக்கும். அல்லி வகைகள் பலவற்றில், முதல் நாள் பூவின் நடுவே கிண்ணம்போல் நீர் சுரந்திருக்கும். வேறு பூவின் மகரந்தத்தோடு வரும் பூச்சி அதில் வழுக்கி விழும். மகரந்தம் கழுவப்பட்டு அங்கேயே தங்கும். சூல் கொண்டதும் காம்பு சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். இதைக் களை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இலை நிழலில் பாசி அடங்கும், மீன்குஞ்சுகள் ஒதுங்கும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த இலையே வீடு. முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். இலை போனால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

தாமரை அல்லிக்கு உறவே இல்லை. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம்தான் தாமரைக்கு நெருங்கிய சொந்தம். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். தாமரை இலை முழு வட்டம்.

அல்லி குளம் முழுக்கப் படர்ந்திருந்தால் நடுவில் கொஞ்சம் எடுக்கலாம், தவறில்லை. ஆழமில்லாத ஒரு கரையோரத்தை மட்டும் தோண்டாமல் விடச் சொல்லுங்கள். கோடையில் குளம் வற்றினாலும் கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு கிடந்து மழைக்குத் துளிர்க்கும். வாரிக் கரையில் கொட்டினால் காய்ந்து செத்துவிடும். முழுக்கத் தோண்டியே தீருவோம் என்றால், முதல் நாளே பத்துப் பதினைந்து கிழங்குகளைச் சேற்றோடு அண்டாவில் எடுத்து, தண்ணீர் ஊற்றி வையுங்கள். குளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றதும் ஊன்றிவிடலாம்.