கோடியக்கரை மணல்மேட்டில் கோடைக் காலை நடை: கேள்வி பதில்

கே (மன்னார்குடி): அண்ணா, லீவுக்குக் கடலும் வேண்டும், மேடேறவும் வேண்டும் என்று பசங்க நச்சரிக்கிறார்கள். டெல்டாவில் எங்கே போவது?

ப: நம் பக்கம் ஏறுவதற்குத் திருச்சி மலைக்கோட்டை இருக்கிறது, ஆனால் அங்கே கடல் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரைக்குப் போங்கள். சரணாலயக் காட்டுக்குள் ராமர் பாதம் என்ற இடம்தான் அந்தப் பகுதியிலேயே உயரம். மணல்மேடுதான், மலை என்று சொல்லிப் பசங்களைக் கூட்டிப் போகாதீர்கள். சுற்றிலும் தட்டையாகக் கிடப்பதால் கொஞ்சம் ஏறினாலே காடும் சதுப்பும் நன்றாகத் தெரியும்.

கே (குடவாசல்): சமவெளியில் மேடு எப்படி வந்தது?

ப: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. வேதாரண்யம் பக்கம் இப்படி மணல்மேடுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரை. அலை ஒதுக்கிய மணலைக் காற்று குவித்தது, கடல் விலகியதும் அதற்கு முன்னால் அடுத்த மேடு, நடுவில் பள்ளம். மேட்டில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே தங்கிவிடும். அதனால்தான் கடலுக்கு இவ்வளவு பக்கத்திலும் மேட்டில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கிறது, ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடுகிறது. சில அடி உயரம்தான் அங்கே எந்த மரம் நிற்கும், எங்கே வீடு கட்டலாம் என்பதை எல்லாம் முடிவு செய்கிறது. நடக்கும்போது இதைக் கவனியுங்கள்.

கே (மயிலாடுதுறை): மே மாதம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ப: ஆறு மணிக்குள் சூரியன் வந்துவிடும், அதற்கு முன்பே கோடியக்கரையில் இருங்கள். வனத்துறை அனுமதி வாங்கிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். எட்டரைக்கு மேல் நடக்காதீர்கள். மே மாதம் நிலத்துப் பக்கமிருந்து அடிக்கும் மேல்காற்று கடல்காற்றைத் தள்ளிப் போட்டுவிடும், அதுவரை புழுக்கம்தான். காற்றில் ஈரம் அதிகமானால் வேர்வை காயாது, காயாவிட்டால் உடம்புச் சூடு தணியாது. உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ எடுத்துப் போங்கள். 2018 கஜா புயலில் மரங்கள் நிறையச் சாய்ந்ததால் முன்பு பார்த்த நிழலை நம்பிப் போக வேண்டாம். அப்புறம், சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போடுங்கள்.

கே (திருத்துறைப்பூண்டி): பூநாரை பார்க்கலாமா?

ப: அதற்கு மழைக்காலம் தொடங்கி ஜனவரிக்குள் வாருங்கள் தம்பி. இப்போது வெளிமானும் மட்டக்குதிரையும் பார்க்கலாம். பாலைப்பழம் பழுக்கும் காலமும் இதுதான். காட்டில் பறிக்காதீர்கள், வேதாரண்யத்தில் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள்.

கே (கும்பகோணம்): அம்மாவுக்கு முட்டிவலி. அழைத்துப் போகலாமா சார்?

ப: தாராளமாக. காட்டுக்குள் முழுக்க நடக்க விடாமல் வண்டியில் அழைத்துப் போய், மேட்டில் மட்டும் கைபிடித்து மெதுவாக ஏற்றுங்கள். மணல் காலை இழுக்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

கே (பட்டுக்கோட்டை): வெளிமானைக் கிட்டப் போய்ப் போட்டோ எடுக்க முடியுமா?

ப: தயவு செய்து வேண்டாம். கோடையில் குட்டை வற்றிவிடும், இருக்கிற தண்ணீரைத் தேடித்தான் அவை வெட்டவெளிக்கு வருகின்றன. நீங்கள் நெருங்கினால் குடிக்காமலே ஓடிவிடும், அந்த வெயிலில் ஓடுவது அதற்கு எவ்வளவு பெரிய பாடு என்று யோசியுங்கள். தூரத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள், அது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே பின்வாங்கிவிடுங்கள்.