முனைவர் பட்ட ஆய்வு: ஒவ்வொரு பருவத்திலும் என்ன கேட்பார்கள்?

பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களும் செய்ய எண்ணியிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறும் உயர் ரத்த அழுத்த நோயாளிகள் அவற்றை இடைவிடாமல் உட்கொள்கிறார்களா என்பதே என் ஆய்வு. பதிவு செய்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. நன்னெறிக் குழு இரண்டு முறை திருத்தம் கேட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வு செய்யத் துறை அனுமதி கிடைப்பதற்கும் காலம் பிடித்தது. கையில் ஒரு தரவுகூட இல்லாத நிலையில், மூன்றாம் பருவ (செமஸ்டர்) கூட்டத்தில் ‘முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். என் பதிவு ரத்தாகிவிடுமா?
– ஆய்வு மாணவி, தருமபுரி

பதில்: ஒரு கூட்டத்தில் அவ்வாறு எழுதப்பட்டதனால் மட்டும் பதிவு ரத்தாகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி, தம் பணியை விளக்கிச் சுருக்கமான அறிக்கை ஒன்றை அளிக்க வேண்டும். பல கல்லூரிகளில் இன்றும் டாக்டரல் கமிட்டி என்றே வழங்கப்படும் இக்குழு, முன்னேற்றம் போதாது என்று கருதினால், அதற்கான காரணத்தைப் பதிவு செய்வதோடு, சரிசெய்யும் வழிகளையும் கூற வேண்டும். அவ்வழிகளை ஆய்வாளர் நிறைவேற்றத் தவறினால்தான், குறிப்பான காரணங்களைக் காட்டிப் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்க முடியும். குழுவின் பரிந்துரையின் நகல் ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும் என்பதும் விதியே. ஆகவே உங்கள் முதல் வேலை அந்த நகலைக் கேட்டுப் பெறுவது. ‘திருப்திகரமாக இல்லை’ என்ற சொற்கள் மட்டும் இருந்து, காரணமும் பரிகாரமும் இல்லையென்றால், அவற்றை எழுத்தில் தருமாறு நெறியாளர் வழியாகப் பணிவுடன் கேளுங்கள். அக்குழுவின் ஒருங்கிணைப்பாளரே உங்கள் நெறியாளர்தான்.

இதைவிட முக்கியமானது, நீங்கள் கொடுத்த அறிக்கையில் என்ன இருந்தது என்பது. ‘ஆய்வு நடைபெற்று வருகிறது’ என்ற ஒற்றை வரியோடு நெறியாளரின் கையொப்பத்தை வாங்கி அனுப்பும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவருக்கு அந்த வரி பெரிய கேடு விளைவிக்காமல் போகலாம். மனிதர்களிடம் தரவு திரட்டும் பொதுச் சுகாதார ஆய்வாளருக்கு அதுவே பகையாகும். ஏனெனில், நம் துறையில் முதல் ஓராண்டின் உழைப்பு பெரும்பாலும் தரவாகக் கண்ணுக்குத் தெரியாது. நன்னெறிக் குழுவுக்கு விண்ணப்பித்த தேதி, அவர்கள் எழுப்பிய ஐயங்கள், நீங்கள் அளித்த மறுமொழி, திருத்திய ஆய்வுத் திட்டத்தின் பதிப்பு எண், துறைக்கு அனுப்பிய கடிதம், நினைவூட்டல் அனுப்பிய நாள் ஆகிய அனைத்தும் முன்னேற்றமே. தாமதத்தை அது நேர்ந்த பருவத்திலேயே எழுதியிருந்தால் அது காரணமாக ஏற்கப்படும். மூன்று பருவங்கள் கழித்து வாய்மொழியாகச் சொன்னால் சாக்குப்போக்காகவே கேட்கும்.

அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்க வேலைகளும் பல உண்டு. வினாப்பட்டியலைத் தமிழாக்கி, அதை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டிருக்கிறீர்களா? மாதிரி அளவுக் கணக்கு உறுதியாகிவிட்டதா? மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வோர் 50 சதவீதம் என்று கொண்டு, 95 சதவீத நம்பகத்தில், 5 சதவீதப் புள்ளிக்குள் துல்லியம் வேண்டினால் 384 பேர் போதும் என்று எளிய சூத்திரம் சொல்லும். ஆனால் நீங்கள் ஊர்களைக் கொத்தாகத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குள் நோயாளிகளை எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரே ஊரார் ஒருவரையொருவர் ஒத்திருப்பதனால், அந்த எண்ணை ‘வடிவமைப்பு விளைவு’ (டிசைன் எஃபெக்ட்) என்ற பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். அது 2 என்றால் 768 பேர் தேவை. பதிலளிக்க மறுப்போரையும் கணக்கில் கொண்டால் இன்னும் கூடும். இந்தக் கணக்கையும், எந்த அட்டவணைகள் எப்படி வரும் என்ற பகுப்பாய்வுத் திட்டத்தையும் அடுத்த கூட்டத்தில் வைத்தால், கையில் தரவே இல்லாத நிலையிலும் குழு உங்கள் பணியை மறுக்க முடியாது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கூட்டத்தில் காட்ட வேண்டும் என்ற அச்சத்தில், நன்னெறி ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே ‘முன்னோட்டம்’ என்ற பெயரில் நோயாளிகளிடம் தரவு திரட்டாதீர்கள். ஒப்புதல் பெற்ற பிறகே ஆய்வு தொடங்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களில் உள்ள அடிப்படை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் குழுகூட இந்த மீறலைப் பொறுக்காது.

கேள்வி: அரசு மருத்துவ அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே பகுதி நேரமாகச் சேர விரும்புகிறேன். பகுதி நேரத்தாருக்குக் கோர்ஸ் ஒர்க்கில் விலக்கு உண்டா?
– மருத்துவர், இராமநாதபுரம்

பதில்: இல்லை. முழு நேரமோ பகுதி நேரமோ, குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்களை முடித்து, அவற்றில் 55 சதவீத மதிப்பெண்ணோ அதற்கு இணையான கிரேடோ பெற வேண்டும். பெற்றால்தான் ஆய்வைத் தொடரவும் ஆய்வேட்டை அளிக்கவும் தகுதி உண்டாகும். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய பாடமும் இதற்குள் அடங்கும். பணி வழங்குபவரிடமிருந்து தடையின்மைச் சான்று பெறும்போது, படிக்க அனுமதி உண்டு என்று மட்டும் எழுதி வாங்கினால் போதாது. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம்தரும் என்பதும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிப்பதற்குப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வாசகத்தை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். டெங்கு பரவும் மாதத்தில் உங்களை விடுவிக்க எந்த மேலதிகாரிக்கும் மனம் வராது.

கேள்வி: ஆய்வேட்டை அளிப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறார் நண்பர், அந்த விதி போய்விட்டது என்கிறார் நெறியாளர். யார் சொல்வது சரி?
– வாசகர், திருச்சி

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகள், துறை வல்லுநர் மதிப்பீட்டுக்குட்பட்ட இதழில் ஒரு கட்டுரையும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசிப்புகளும் வேண்டும் என்றன. 2022 விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் தன் அளவில் அதை வைத்துக்கொண்டுள்ள பல்கலைக்கழகம் உங்களுடையதாக இருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டும் முக்கியம். எனவே பதிவின்போது நடைமுறையில் இருந்த பல்கலைக்கழக விதிநூலைப் படியுங்கள். கட்டாயம் நீங்கியது நல்லது என்பதே என் எண்ணம்: பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அதனால்தான் கொழுத்தன. அதற்காக எழுதாமலே இருந்துவிட வேண்டாம். முறையான இதழின் மதிப்பீட்டாளர் எழுப்பும் கேள்விகள், வாய்மொழித் தேர்வான வைவாவில் வரப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே கிடைக்கும் பயிற்சியாகும்.

கேள்வி: ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். இடையில் குழந்தை பிறந்தது. கணவருக்குப் புனேவுக்கு மாறுதல் ஆகியிருக்கிறது. எனக்கு இன்னும் எவ்வளவு காலம் உண்டு? ஆய்வை அங்கே எடுத்துச் செல்ல முடியுமா?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: சேர்க்கை நாளிலிருந்து ஆறு ஆண்டு என்பது பொதுவான உச்ச வரம்பு. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டு வரை, அதாவது மொத்தம் எட்டு ஆண்டு வரை, நிறுவனம் அனுமதிக்கலாம். பெண் ஆய்வாளர்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு தளர்வு தரப்படலாம். மொத்தம் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது. இவை எதுவும் தானாக வருவதில்லை. காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கும் விதியில் இடம் உண்டு.

திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர், தாம் செல்லும் நிறுவனத்துக்கு ஆய்வுத் தரவை மாற்றிக்கொள்ளவும், ஏற்கெனவே நடந்த பணிக்கு உரிய பங்கை முதல் நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் அளிக்கவும் விதிமுறை வழி செய்கிறது. உங்கள் தரவு மனிதர்களுடைய உடல்நலம் பற்றியது என்பதால், மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாகாது. பங்கேற்றவர்கள் கையொப்பமிட்ட இசைவுப் படிவத்தில் தரவை யார் வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட கோப்பாக மாற்றுங்கள். இரு நிறுவனங்களின் நன்னெறிக் குழுக்களுக்கும் எழுதுங்கள். எழுதும் பகுதி மட்டுமே மீதி என்றால், மாற்றிக்கொள்வதைவிடப் பழைய பதிவிலேயே முடிப்பது பெரும்பாலும் எளிது.

கேள்வி: அமெரிக்காவில் பொதுச் சுகாதார முனைவர் பட்டம் படிக்கப் போகிறாள் என் மகள். அங்கே ‘கல்வி முன்னேற்றம்’ என்பது வேறுபட்டதா?
– வாசகர், மதுரை

பதில்: அடிப்படை ஒன்றே, அளவுகோல்கள்தாம் வேறு. அங்குள்ள பட்டமேற்படிப்புத் துறைகள் பெரும்பாலும் 4.0க்கு 3.0 என்ற சராசரியைத் தொடர்ந்து காக்கக் கோருகின்றன. அதன் கீழ் இறங்கினால் மதிப்பெண்ணைச் சரிசெய்துகொள்ளக் கண்காணிப்பின் கீழ் ஒரு தவணை தருவார்கள். பாடங்களுக்குப் பின் தகுதித் தேர்வு, பின்னர் ஆய்வுத் திட்ட ஒப்புதல் என்று படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் துறை கெடு வைத்திருக்கும். மகள் சேர்வது பி.எச்.டி.யா, டி.ஆர்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார டாக்டர் பட்டமா என்பதையும் கேளுங்கள். பின்னது தலைமைப் பணிக்கானது. வெளி நிறுவனம் ஒன்றுக்குப் பயன்படும் திட்டப்பணியும் அதில் கட்டாயம்.

வெளிநாட்டு மாணவருக்கு விசாவும் இதனோடு பிணைந்தது. படிப்பு நீண்டால், மாணவர் விசாவுக்காகக் கல்வி நிறுவனம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள முடிவு நாளுக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். எதிர்பாராத ஆய்வுச் சிக்கலும், சான்றுள்ள நோயும் ஏற்கத்தக்க காரணங்கள். மதிப்பெண் குறைந்து கண்காணிப்பில் வைக்கப்பட்டதால் நேர்ந்த தாமதம் ஏற்கப்படுவதில்லை. எனவே ஆய்வுச் சிக்கல் எது வந்தாலும், அது நேர்ந்த பருவத்திலேயே நெறியாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வேட்டில் எத்தனை சதவீத ஒப்புமை இருக்கலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட 2018 விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஏட்டை ஓராண்டுக் காலம் அளிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மேற்கோள்களும் நூற்பட்டியலும் இக்கணக்கில் சேரா. பொதுச் சுகாதார ஆய்வேடுகளில் ஒப்புமை ஏறுவது பெரும்பாலும் ஆய்வுமுறை இயலில்தான். முந்தைய மாணவரின் ஏட்டிலிருந்து அந்த இயலை எடுக்காமல், உங்கள் களக்குறிப்பிலிருந்து எழுதினால் எண் தானே இறங்கும்.