பதினோராவது இடம்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் நண்பர்கள் கூடி 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா ஆடிய ஏழு ஆட்டங்களையும் மறுபடி பார்த்தோம். பார்த்து முடித்ததிலிருந்து சண்டை ஓயவில்லை. என் கட்சி இது: கோப்பையை வாங்கித் தந்தது மெஸ்ஸி. பயிற்சியாளர் ஸ்கலோனிக்குத் தன் சிறந்த பதினோரு பேர் யார் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஏழு ஆட்டத்துக்கு ஏழு அணியை இறக்கினார். என்னைக் கேட்டால் 4-2-4 தான். பின்வரிசையில் மொலினா, ரொமேரோ, ஒட்டமெண்டி, அகுன்யா. நடுவில் டி பால், என்ஸோ. முன்னால் டி மரியா, மெஸ்ஸி, டிபாலா, லவுதாரோ. இந்த அணியை யார் தடுக்க முடியும்? இறுதி ஆட்டத்தில் 64வது நிமிடத்தில் டி மரியாவை வெளியே எடுத்ததால்தான் பிரான்ஸ் உயிர் பெற்றது என்றும் சொல்கிறேன். டிபாலாவைக் கூடுதல் நேரம் முடியும்போது இறக்கியது அவருக்குச் செய்த அவமரியாதை. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
கா., மதுரை

அன்புள்ள கா.,

ஏழு ஆட்டம், ஏழு அணி என்ற கணக்கு சரி. ஒரே பதினோரு பேர் இரண்டு முறை ஆட்டத்தைத் தொடங்கவில்லை. ஆனால் அந்த ஏழு பட்டியல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். போலந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்திலிருந்து இறுதி ஆட்டம்வரை ஒன்பது பெயர்கள் அசையவே இல்லை: எமிலியானோ மார்ட்டினெஸ், மொலினா, ரொமேரோ, ஒட்டமெண்டி, டி பால், என்ஸோ, மக் அலிஸ்டர், மெஸ்ஸி, அல்வாரெஸ். மாறியது இரண்டே இடம். ஒன்று இடது பேக், அதாவது பின்வரிசையின் இடது ஓரம். அங்கே அகுன்யா அல்லது டாக்லியாஃபிகோ. இன்னொன்றுதான் முக்கியம். அந்த இடத்தில் போலந்துக்கு எதிராக டி மரியா, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பாப்பு கோமெஸ், நெதர்லாந்துக்கு எதிராக லிசான்ட்ரோ மார்ட்டினெஸ், குரோஷியாவுக்கு எதிராக பரேதெஸ், பிரான்சுக்கு எதிராக மறுபடி டி மரியா. விங்கர் (ஓரத்தில் தாக்குபவர்), தாக்கும் மிட்ஃபீல்டர் (நடுக்களத்து ஆள்), சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் தடுப்பவர்), தடுப்பு மிட்ஃபீல்டர், திரும்ப விங்கர்! எதிரணியைப் பார்த்துவிட்டு நிரப்புவதற்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார் ஸ்கலோனி. அவருடைய வேலை முழுவதும் அந்தப் பதினோராவது இடத்தில்தான் இருக்கிறது. நீங்களும் நண்பர்களும் சண்டை போட வேண்டியது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த ஒன்பது பேர் எப்படி அமைந்தார்கள் என்று பார்ப்போம். நவம்பர் 22 அன்று சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற அணி, உங்கள் கனவு அணிக்கு ஏறக்குறைய நெருங்கிய உறவு. டி பால், பரேதெஸ் இருவர் நடுவில். முன்னால் டி மரியா, மெஸ்ஸி, பாப்பு கோமெஸ், லவுதாரோ. சவுதி பயிற்சியாளர் ரெனார் தன் பின்வரிசையை நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் போயின, அதாவது பந்து கிளம்பும் நொடியில் ஆள் எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்றதால் செல்லாமல் போயின. மயிரிழையில் போனவை என்று ரசிகர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். கோளாறு அமைப்பிலேயே இருந்தது. முன்னேறி நிற்கும் பின்வரிசையை உடைக்க, அந்த வரிசைக்கு முன்னாலிருந்து, அதாவது நடுக்களத்திலிருந்து, ஒருவர் பந்து கிளம்பும் நேரம் பார்த்து ஓடி வர வேண்டும். அவர் பின்னாலிருந்து வருவதால் ஆஃப்சைடில் சிக்கமாட்டார். அன்று மெஸ்ஸி, பாப்பு இருவரும் பந்தைக் காலில் வாங்க இறங்கி வருபவர்கள். டி மரியா கோட்டோரம். ஓடியது பெரும்பாலும் லவுதாரோ. அவரோ பின்வரிசையோடு தோளுரசி நின்று புறப்படுபவர், அரை அடி முந்தினாலும் கொடி உயர்ந்துவிடும். பந்து பறிபோனபோதோ நடுவில் இரண்டே பேர். இரண்டாம் பாதி தொடங்கி எட்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினார்கள்.

இதற்கான மருந்துதான் மக் அலிஸ்டர், என்ஸோ, அல்வாரெஸ் மூவரும். மெக்சிகோவுக்கு எதிராக ஐந்து மாற்றங்கள் செய்தும் முதல் பாதி வறண்டுதான் கிடந்தது. 57வது நிமிடத்தில் கிடோ ரொட்ரிகெஸ் இடத்தில் என்ஸோ வந்த பிறகே பந்து முன்னோக்கி நகர்ந்தது. 64வது நிமிடத்தில் மெஸ்ஸி, 87வது நிமிடத்தில் என்ஸோவே கோல் அடித்தார். அல்வாரெஸுக்கு ஏன் லவுதாரோவைத் தாண்டி இடம் கிடைத்தது என்பதற்கு ஆஸ்திரேலிய ஆட்டத்தின் 57வது நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலிய கோல்கீப்பர் ரயன் காலில் பந்து. டி பால் நேராக அவர்மேல் பாய்கிறார், அல்வாரெஸ் பக்கவாட்டில் வந்து பந்தைப் பிடுங்கிக் காலி வலையில் தள்ளுகிறார். கோல் அடிக்கும் திறமையில் லவுதாரோ குறைந்தவர் இல்லை. ஆனால் மெஸ்ஸி பந்தில்லாத நேரத்தில் நடப்பவர். 35 வயதில் அவர் நடக்கத்தான் வேண்டும், நடந்துகொண்டே இடைவெளிகளைப் படிப்பவர் அவர். அவர் ஓடாத ஓட்டத்தையும் சேர்த்து ஓட முன்வரிசையில் ஓர் ஆள் வேண்டும், வலது நடுவில் ஓர் ஆள் வேண்டும். முன்னால் அல்வாரெஸ், வலதில் டி பால். இதைச் சொல்லாமல் அர்ஜென்டினாவின் எந்த அணியைப் பற்றியும் பேச முடியாது.

இப்போது உங்கள் 4-2-4. மைதானத்தின் அகலம் 68 மீட்டர். நடுவில் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 34 மீட்டர்; நான்கு பேர் என்றால் 17 மீட்டர். விங்கர்கள் இறங்கி உதவினால் இந்தக் கணக்கு மாறும் என்பீர்கள். உங்கள் முன்வரிசை நால்வரில் முழு ஆட்டமும் இறங்கி ஏறக்கூடியவர் யார்? மெஸ்ஸி இல்லை. டி மரியாவுக்கு அப்போது 34 வயது, காயம் வேறு. டிபாலாவும் மெஸ்ஸியும் இடதுகால்காரர்கள். வலப்பக்க உள்வட்டத்தில் பந்தை வாங்கித் திரும்பவே இருவருக்கும் பிடிக்கும். ஒரே பத்து மீட்டருக்குள் இருவர் நிற்பார்கள், எதிரணியின் ஒரே தடுப்பு மிட்ஃபீல்டர் இருவரையும் பார்த்துக்கொள்வார். குரோஷியாவின் மோட்ரிச், ப்ரோஸோவிச், கோவாசிச் மூவருக்கு எதிராக டி பாலும் என்ஸோவும் மட்டும் என்றால் தொடர்ந்து ஒருவர் சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பவர் மோட்ரிச்சாக இருந்தால் என்ன ஆகும்! ஸ்கலோனி அன்று பரேதெஸைச் சேர்த்து நடுவில் நால்வரை நிறுத்தினார். மூவரை நால்வர் சூழ்ந்தார்கள். பந்து குரோஷியாவிடம் நிறைய இருந்தது, கோல்கள் அர்ஜென்டினாவிடம், 3-0.

நெதர்லாந்து ஆட்டம் இன்னும் நுட்பமானது. அதைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன். பயிற்சியாளர் வான் ஹாலின் நெதர்லாந்து அணி ஐவர் பின்வரிசை. இரு ஓரங்களில் டம்ஃப்ரீஸ், பிளின்ட். முந்தைய சுற்றில் அமெரிக்காவை வீழ்த்திய மூன்று கோல்களிலும் இந்த இருவரின் கை இருந்தது. நால்வர் பின்வரிசையோடு ஆடினால் டம்ஃப்ரீஸைப் பிடிக்க உங்கள் இடது பேக் வெளியே போக வேண்டும், அவர் விட்டுச் சென்ற இடத்தில் ஸ்ட்ரைக்கர் நுழைவார். அதனால் லிசான்ட்ரோவை மூன்றாவது சென்டர் பேக்காக வைத்தார் ஸ்கலோனி. மொலினாவும் அகுன்யாவும் பின்னால் கவலையில்லாமல் எதிரணி ஓரத்து ஆட்களின்மேல் ஏறி நிற்க முடிந்தது. பலன் என்ன? 35வது நிமிடத்தில் பிளின்டின் முதுகுக்குப் பின்னால் மொலினா ஓட, மெஸ்ஸியின் பாஸில் கோல். 73வது நிமிடத்தில் பெனால்டி கோல். அந்தப் பெனால்டி, டம்ஃப்ரீஸ் அகுன்யாவைத் தடுக்கி விழவைத்ததால் கிடைத்தது. எந்த இரு இடங்களைக் கட்டவென்று ஆளைச் சேர்த்தாரோ, அந்த இரு இடங்களிலிருந்தே இரண்டு கோலும் வந்தன. பார்க்கத் தற்காப்பு, உள்ளே இருந்தது தாக்குதல். அப்புறம் வெக்ஹார்ஸ்ட் வந்து 83வது நிமிடத்திலும், 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்க்கும் இடைநிற்ற நேரத்தின் 11வது நிமிடத்திலும் அடித்து 2-2 ஆக்கினார். 78வது நிமிடத்தில் ரொமேரோவையும் அகுன்யாவையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தது என் பார்வையில் பிழை. உயரமான பந்துகளாக வந்து விழும் நேரத்தில் பின்வரிசையில் இரண்டு பேரை மாற்றினால், யார் யாரைப் பிடிப்பது என்ற ஒழுங்கு குலையும். அந்த இரண்டாவது கோல் வந்த கடைசி ஃபிரீகிக்குக்குக் காரணமான தவறைச் செய்தவர் ரொமேரோவுக்குப் பதிலாக வந்த பெஸெல்லா.

இனி இறுதி ஆட்டம். டி மரியா அதுவரை பெரும்பாலும் வலப்பக்கம் ஆடியவர். அன்று இடப்பக்கம் போனார். வலப்பக்கத்தில் பிரான்சின் எம்பாப்பே இருக்கிறார். அங்கே மொலினாவுக்குத் துணையாக டி பால் நின்றே ஆக வேண்டும், விங்கருக்கு இடமில்லை. மறுபக்கம் பிரான்சின் வலது பேக் கூண்டே, அடிப்படையில் சென்டர் பேக்; கோட்டோரத்தில் தனியாக ஒருவரை எதிர்கொள்வது அவருக்குப் பழகிய வேலை இல்லை. அவருக்கு முன்னால் டெம்பெலே, பின்னால் வந்து தடுத்துப் பழகாதவர். மெஸ்ஸி வலது உள்பக்கம் போய் நின்றால் பிரான்சின் நடுக்களம் அவரோடு சரிந்துவிடும். எதிர்முனையில் டி மரியா தனியாக. 23வது நிமிடப் பெனால்டி, டெம்பெலே டி மரியாவை வீழ்த்தியதில் வந்தது. 36வது நிமிடக் கோலில் பந்து மெஸ்ஸி, அல்வாரெஸ், மக் அலிஸ்டர் என்று ஓடி இடது ஓரத்துக்கு வந்தபோது டி மரியாவின் முன்னால் கோல்கீப்பர் மட்டும். 41வது நிமிடத்திலேயே டெம்பெலேவையும் ஜிரூவையும் வெளியே எடுத்தார் பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம். முதல் பாதியில் பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு ஷாட் கூட அடிக்கவில்லை.

இது ஸ்கலோனிக்குப் புதிதல்ல. தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான 2021 கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில், மரகானாவில், பிரேசிலுக்கு எதிராக டி மரியாவை வலப்பக்கம் தொடக்கத்திலேயே இறக்கினார். 22வது நிமிடத்தில் டி பாலின் நீண்ட பாஸ் பிரேசிலின் இடது பேக் லோடியைத் தாண்டி டி மரியாவுக்கு; ஒரே கோல், கோப்பை. எதிரணியின் எந்த ஓரம் இளக்கமோ அந்த ஓரத்தில் டி மரியா.

64வது நிமிடத்துக்கு வருகிறேன். டி மரியா, தோற்றால் வெளியேறும் நாக்அவுட் சுற்றில் அதற்குமுன் ஆடியதே நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடங்கள்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் கால் தாங்காது என்று தெரிந்தேதான் இறக்கினார்கள். 2-0 முன்னிலையில் அவரை எடுத்தது சரி. அவருக்குப் பதில் அகுன்யா வந்ததும், வேகத்தில் குறைவு இருந்தாலும், இடப்பக்கத்தைக் கட்டத்தான். பிரான்சின் கோல்களைத் திரும்பப் பாருங்கள். 80வது நிமிடம், பின்னாலிருந்து வந்த நீண்ட பந்தில் கோலோ முவானியிடம் பிந்திப்போன ஒட்டமெண்டி அவரை இழுக்கப் பெனால்டி. 81வது நிமிடம், மெஸ்ஸியிடமிருந்து கோமான் பந்தைப் பறித்தார். துராமோடு பரிமாறி எம்பாப்பே அடித்தார். அகுன்யாவின் தவறு இரண்டிலும் இல்லை.

என் குறை வேறு இடத்தில். 71வது நிமிடத்தில் டெஷாம் கிரீஸ்மனையும் தியோ எர்னாண்டெஸையும் எடுத்துவிட்டு கோமான், கமவிங்கா என்று இரண்டு புதுக் கால்களைக் கொண்டுவந்தார். அர்ஜென்டினாவின் நடுக்களம் மூவரும் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தவர்கள். டி மரியா போனதால் முன்னால் பந்தைப் பிடித்து நிறுத்தி மூச்சுவிட நேரம் தரவும் ஆளில்லை. அடுத்த மாற்றத்தை ஸ்கலோனி 91வது நிமிடத்தில்தான் செய்தார். பரேதெஸ் 102வது நிமிடத்தில் வந்தார். அவரை எழுபத்தைந்துக்குள், டி பாலுக்குப் பதிலாக, கொண்டுவந்திருக்க வேண்டும். நண்பர்களிடம் 64வது நிமிடத்தைப் பேசுவதை விட்டுவிட்டு 64க்கும் 90க்கும் இடையில் செய்யாமல் விட்டதைப் பேசுங்கள். அந்த வாதத்தில் உங்கள் பக்கம் பலம் இருக்கும்.

அடுத்தமுறை அணி எழுதும்போது ஒரு தாளில் மூன்று மைதானம் வரையுங்கள். முதலாவதில் பந்து நம்மிடம் இருக்கும்போது பதினோரு பேர் நிற்கும் இடம். இரண்டாவதில் பந்து பறிபோன மறுநொடி, யார் பந்தின்மேல் பாய்வது, பின்னால் எத்தனை பேர் மிச்சம். மூன்றாவதில் எதிரணி நிதானமாகப் பந்தை வைத்திருக்கும்போது. எதிரணியின் பதினோரு பேரையும் வேறு மையால் அதே தாளில் குறியுங்கள், இல்லாவிட்டால் அது அரை வேலை. மூன்றாவது படத்தில் எவர் பெயருக்குப் பக்கத்தில் எதிரணி ஆள் இருவர் நிற்கிறார்களோ அங்கேதான் உங்கள் அணி உடையும். பிறகு 60வது நிமிடத்தில் பெஞ்சிலிருந்து யார், யாருக்குப் பதிலாக என்று எழுதுங்கள். ஐந்து மாற்றம் உண்டு, கூடுதல் நேரத்தில் ஆறாவது. நட்சத்திரங்கள் எல்லாரையும் தொடக்கத்திலேயே இறக்கிவிட்டால் இந்தக் கட்டம் வெறுமையாகிவிடும்.

டிபாலாவுக்கு நடந்தது அவமரியாதையா? அவரை 120 நிமிடம் முடிந்த இடைநிற்ற நேரத்தில், டாக்லியாஃபிகோவுக்குப் பதிலாக, ஆறாவது மாற்றமாக இறக்கியது பெனால்டிக்காகவே. சமநிலையை முடிக்கும் பெனால்டி ஷூட்அவுட்டில் பிரான்சின் கோமான் அடித்ததைக் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் தடுத்த மறுநிமிடம், அர்ஜென்டினாவின் இரண்டாவது பெனால்டியை அடிக்க நடந்து போனவர் டிபாலா. நேராக நடுவில் அடித்தார், கோல். மெஸ்ஸிக்குப் பிறகு அன்று அடித்த மூவரும், டிபாலா, பரேதெஸ், மொன்டியல், பெஞ்சிலிருந்து வந்தவர்கள். மூவரும் தவறவிடவில்லை.

அன்புடன்.