ஸ்கேனில் வெளுத்துத் தெரிவதெல்லாம் கட்டியா?

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு மூளையில் க்ளியோபிளாஸ்டோமா கட்டி. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள், கூடவே கீமோ மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் அந்த இடம் முன்பைவிடப் பெரிதாக வெளுத்துத் தெரிகிறது. டாக்டரோ, "இப்போதே முடிவு செய்ய வேண்டாம், கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம்" என்கிறார். படமே கையில் இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவ்வளவு பெரிய மெஷினால் கட்டி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

நான் மருத்துவன் இல்லை, அண்ணனின் படங்களையும் பார்க்கவில்லை. அவருக்கு இதுதான் என்று நான் சொல்வது தவறு. ஆனால் டாக்டர் காத்திருக்கச் சொல்வது தட்டிக்கழிப்பு அல்ல என்பதை மட்டும் விளக்க முடியும்.

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்கேனுக்கு நடுவில் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியில் கடோலினியம் என்ற உலோகம் இருக்கிறது. நல்ல மூளையின் ரத்தக்குழாய்கள் அதை வெளியே விடாது. கட்டிக்குள் கன்னாபின்னாவென்று முளைக்கும் குழாய்கள் ஒழுகும். ஒழுகிய இடம் வெளுக்கும். அதாவது படம் காட்டுவது ஒழுக்கைத்தான். நீங்கள் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சில் செல்கள் செத்து அழற்சி வந்தாலும் குழாய் ஒழுகும், அதுவும் அதே வெள்ளைதான். சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில் இது அடிக்கடி நடப்பதால், 2010இல் மருந்து ஆய்வுகளுக்காக ரானோ என்ற விதிமுறையை வகுத்தவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். முதல் 12 வாரத்துக்குள், கதிர் பட்ட பகுதிக்கு வெளியே புதிதாக வெளுத்தாலோ திசுப் பரிசோதனையில் உறுதியானாலோ ஒழிய, கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தலைகீழாகவும் நடக்கும். பெவாசிஸுமாப் என்ற மருந்து ஒழுக்கை அடைத்துவிடும். வெள்ளை சுருங்கும், ஆனால் கட்டி உள்ளே இருந்துகொண்டே இருக்கலாம்.

இந்தச் சிக்கல் எம்ஆர்ஐயோடு கூடப் பிறந்தது. 1971இல் ரேமண்ட் டமேடியன், எலிகளின் கட்டித் திசுவில் நீரின் காந்தச் சிக்னல் அடங்க அதிக நேரமாகிறது என்று காட்டினார். அதை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் வெறும் வீக்கத்திலும் அந்த நேரம் நீளும். மெஷின் பார்ப்பது பெரும்பாலும் நீரை. நீர் எதனால் மாறியது என்பதை அது தானாகச் சொல்வதில்லை.

சரி, இதற்கு வழியே இல்லையா? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜின்யுவான் ஜோ, பீட்டர் வான் ஸைல் இருவரும் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் நீரை விட்டுவிட்டுப் புரதத்தைத் தேடினார்கள். புரதத்தில் அமைடு என்ற அணுக்கூட்டத்தில் இருக்கும் ஹைட்ரஜன், நீரின் ஹைட்ரஜனைவிடச் சற்றே வேறான அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. ஆனால் அது நீரில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, நேராகப் பார்த்துப் படம் எடுப்பது நடக்காத காரியம். அதனால் அந்த அதிர்வெண்ணில் மட்டும் ரேடியோ அலையைக் கொடுத்து அதன் சிக்னலை அழித்தார்கள். சிக்னல் அழிந்த ஹைட்ரஜன் பக்கத்து நீருக்குத் தாவும், அதன் இடத்துக்குப் புதிது வரும், அதையும் அழிப்பார்கள். வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விழுந்துகொண்டே இருப்பதுபோல, சில நொடிகளில் நீரின் சிக்னலே அளக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். எங்கே அதிகம் குறைகிறதோ அங்கே செல் புரதம் அதிகம். 2003இல் இந்த முறையை வெளியிட்டார்கள். 2011இல் எலிகளில் சோதித்தபோது, கட்டி பளிச்சென்று தெரிந்தது, கதிர்வீச்சில் செத்த திசு மங்கிக் கிடந்தது. அதுவும் ஊசியே இல்லாமல்! உயிருள்ள செல் அங்கே இருக்கிறதா என்ற கேள்வியையே காந்தத்திடம் கேட்க வைத்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

மனிதர்களிலும் இப்போது செய்கிறார்கள். ஆனால் சிக்னல் வேறுபாடு சில சதவீதம்தான். தலை அசைந்தால் கெடும், ரத்தக் கசிவு இருந்தாலும் பளிச்சென்று காட்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. பரவலாகக் கிடைப்பது பெர்ஃப்யூஷன் ஸ்கேன், அந்த இடத்தில் ரத்தத்தின் அளவைப் பார்ப்பது. வளரும் கட்டியில் பொதுவாக ரத்தம் அதிகம், செத்த திசுவில் குறைவு. அடுத்த எம்ஆர்ஐயோடு அதையும் சேர்த்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள், பழைய சிடிக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஸ்கேன் அன்றைக்கு ஸ்டீராய்டு எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள், டோஸ் கூடினால் வெள்ளை குறைந்து தெரியும். அப்புறம், நடுவில் வலிப்போ, விடாத வாந்தியோ, வழக்கத்தைவிடத் தூக்கமோ, கைகால் சோர்வோ வந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.