வாசகர் கேள்வி-பதில்: பீட்டர்ஸ்பர்க்குக்கு முதல் பயணம்

கே: ஜூன் கடைசியில் ஐந்து நாள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறோம். நான், மனைவி, வயதான அம்மா. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறோம். எந்த நாளில் எதைப் பார்ப்பது? (வாசகர், தக்கலை)

ப: உங்கள் ஊர்ப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. அங்கே ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்கும் அதே திங்கள்தான். ஆனால் அங்கே இடத்துக்கு இடம் கிழமை மாறும். முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். இரத்தம் சிந்திய இடத்து மீட்பர் தேவாலயமும் ஐசக் தேவாலயமும் புதன் திறக்காது. ஆம்பர் அறை (சுவரில் அம்பர் பதித்த அறை) இருக்கும் கேத்தரின் அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை.

ஆகவே திங்கள் இரண்டு தேவாலயங்கள், செவ்வாய் ஹெர்மிடேஜ், புதன் கேத்தரின் அரண்மனை, வியாழன் பீட்டர்ஹோஃப் (நீரூற்றுகளுக்குப் பேர்போன அரண்மனைத் தோட்டம்), வெள்ளி பீட்டர்-பால் கோட்டை. கோட்டைக்கு 12 மணிக்குள் போய்விடுங்கள். தினமும் நண்பகலில் பீரங்கி வெடிப்பார்கள். ஐசக் தேவாலயத்தின் மேல்மாடத்துக்கு 262 படி. அம்மா கீழேயே இருக்கட்டும்.

ஹெர்மிடேஜை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்; சேகரிப்பு 30 லட்சம் பொருளுக்கு மேல். டா வின்சியின் இரண்டு மடோனா (மேரி மாதா) ஓவியங்கள், ரெம்ப்ராண்டின் 'ஊதாரி மகனின் வருகை', தங்க மயில் கடிகாரம், இவை போதும். மத்தீஸின் 'நடனம்' ஓவியம் ஹெர்மிடேஜின் முதன்மைக் கட்டடமான குளிர்கால அரண்மனையில் கிடையாது, அதன் முன்னுள்ள சதுக்கத்துக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் இருக்கிறது. பலரும் தெரியாமலே திரும்பி விடுகிறார்கள். முதுகுப்பையை உடைமை அறையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பீட்டர்ஹோஃப் நீரூற்றுகளுக்கு பம்பு கிடையாது. மேட்டிலிருந்து வாய்க்கால் வழியே இறங்கும் தண்ணீரின் விசைதான். ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்தவருக்கு இது உடனே பிடிபடும். படகில் போனால் திரும்பும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கடலில் காற்று பலத்தால் படகு நின்றுவிடும்.

அந்த மாதம் இரவும் வெளிச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு சுமார் 1 மணிக்குமேல் கப்பல் போவதற்காக நேவா ஆற்றுப் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள், மெட்ரோவும் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். ஆற்றுக்கு அக்கரையில் வசீலியெவ்ஸ்கி தீவில் அறை எடுத்தவர், பாலம் தூக்குவதைத் தென்கரையில் நின்று வேடிக்கை பார்த்தால் விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். அறையைத் தென்கரையிலுள்ள நேவ்ஸ்கி சாலைப் பக்கம் எடுங்கள்.

கே: விசாவும் பணமும்? (வாசகர், செங்கோட்டை)

ப: இணையத்தில் விண்ணப்பிக்கும் இ-விசா போதும். பயணத்துக்கு 40 நாள் முன்னதாகத் தொடங்கி, கடைசியாக 4 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். நம்மவருக்குத் தடுக்குவது இனிஷியல். வீட்டில், வங்கியில் எப்படி எழுதினாலும் சரி, பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக அச்சாகியிருக்கும் எழுத்துப்படியே பெயரை நிரப்புங்கள். அப்பா பெயரை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதினால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

2022 மார்ச் முதல், ரஷ்யாவுக்கு வெளியே வங்கிகள் கொடுத்த 'விசா' (Visa), 'மாஸ்டர்கார்டு' பண அட்டைகள் அங்கே செல்லாது. ஆகவே கையில் டாலர் வேண்டும். பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர்வரைதான் நோட்டாக எடுத்துப்போகலாம். ரஷ்யாவுக்கு ரிசர்வ் வங்கி இந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. பணமாற்றுக் கடையில் புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பேனாக் கிறுக்கல், கிழிசல், மை அடையாளம் இருந்தால் அங்கே தள்ளிவிடுவார்கள். மாற்றுவது வங்கியில், பாஸ்போர்ட்டோடு.

கே: சைவம் கிடைக்குமா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

ப: கிடைக்கும், கேட்கும் விதத்தில் கேட்டால். 'வெஜிடேரியன்' என்றால் மீனைச் சேர்த்துவிடுவார்கள். போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பில் காய்தான் மிதக்கும், ஆனால் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் வெந்தது. ப்ளினி என்ற மெல்லிய அப்பம் தோசை மாதிரி இருந்தாலும் மாவில் முட்டை உண்டு. 'பெஸ் ம்யாசா, பெஸ் ரீபி' (இறைச்சி, மீன் வேண்டாம்) என்று சொல்லுங்கள். 'போஸ்னயே' என்றால் விரதச் சாப்பாடு; அதில் இறைச்சி, பால், முட்டை சேராது. 'ஸ்தலோவயா' என்ற உணவுக்கூடங்களில் தட்டை நீட்டிக் கைகாட்டி வாங்கலாம்: கிரேச்கா (பக்வீட் என்ற தானியச் சோறு), உருளை, கோசுப் பொரியல். எல்லாவற்றின் மேலும் சதகுப்பைத் தழை தூவியிருக்கும், பழகிக்கொள்ளுங்கள். சின்னக் குக்கர் கொண்டுபோனால் மெல்லிய இரட்டை உருளை முள் பிளக்காகப் பாருங்கள். நம்மூர் மூன்று முள் அங்கே நுழையாது.